ஜீப்ரா மீனுக்கு முளைத்தது குழந்தைக்கும் முளைக்குமா?

கேள்வி: எங்கள் எட்டு மாதக் குழந்தைக்குக் காது நரம்பில் கோளாறு என்கிறார்கள். மீனுக்குக் காது நரம்பு திரும்ப வளர்கிறதாம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் போதும், காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவிக்கு அவசரம் இல்லை என்கிறார் தெரிந்த ஒருவர். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். 

மீன் ஆராய்ச்சி நிஜம்தான். ஜீப்ரா மீனின் கரு தாய்க்கு வெளியே, கண்ணாடி போல வளர்வதால், காதாக வளரப்போகிற காதுப் பையின் சுவரிலிருந்து செல்கள் பிரிந்துபோய் நரம்பு செல்லாக மாறுவதை உயிரோடே மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். அதைத் தொடங்கிவைக்கும் நியூரோஜெனின்-1 என்ற ஜீன்தான் எலியிலும் அந்த வேலையைச் செய்கிறது, அதனால்தான் மீனை வைத்து ஆராய்கிறார்கள். ஆனால் சேதமான பிறகு சட்டென்று முளைப்பதாகப் பேர் வாங்கியது நரம்பு இல்லை, மயிர்ச்செல், அதாவது ஒலியையோ அசைவையோ உணர்ந்து நரம்புக்குச் சொல்லும் செல். அதிலும் அதிகம் ஆராயப்பட்டது காதுக்குள் இருப்பதே அல்ல, மீனின் உடம்புப் பக்கவாட்டில் நீரோட்டத்தை உணர்கிற செல்கள். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஊற்றி அழித்தால் இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். நம் காக்ளியாவில், அதாவது உள்காதில் ஒலியைக் கேட்கும் நத்தைக்கூடு போன்ற பகுதியில், மயிர்ச்செல் போனது போனதுதான். மீனுக்கோ காக்ளியாவே கிடையாது!

இந்த இடைவெளியில்தான் ஊசி வியாபாரிகள் புகுகிறார்கள். 'டிரயல்' என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இணையத்தில் பதிவு எண் காட்டுவார்கள், அது பதிவு மட்டும்தான், அனுமதி ஆகாது. மீனில் ஒரு ஜீனைக் கண்டதற்கே 'செவித்திறன் இழப்புக்குத் தீர்வு' என்று செய்திக்குறிப்பு விடும் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துத்தான் திட்டவேண்டும்.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். 'நரம்புக் கோளாறு' என்று எழுதுகிற சில குழந்தைகளுக்கு நரம்பு நன்றாகவே இருக்கும். ஓஏஇ டெஸ்ட் (உள்காது மயிர்ச்செல் வேலை செய்கிறதா என்று பார்ப்பது) நார்மல், பெரா (ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது) மோசம் என்று வந்தால் ஓட்டோஃபெர்லின் என்ற ஜீன் பழுதாக இருக்கலாம்: மயிர்ச்செல் ஒலியை வாங்கும், நரம்புக்குக் கடத்தாது. இந்தப் பழுதுக்கு ஜீன் சிகிச்சை கொடுத்துச் சில குழந்தைகள் கேட்கத் தொடங்கியது 2024-இல் வெளியானது. இந்த ஒரு ஜீனுக்கு மட்டும், ஓட்டோஃபெர்லினுக்கு மட்டும், மற்ற ஜீன்களுக்கு இதைக் காட்டி யாராவது பேசினால் நம்பாதீர்கள். ஓஏஇ டெஸ்டில் கிடைக்கும் நார்மல் பதில் காலப்போக்கில் மறைந்தும் போகலாம், ஆகவே பிறந்தபோது எடுத்த ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் சிகிச்சை, இதுதான் கணக்கு. டெஸ்டுக்கு டெஸ்ட் தேதி தள்ளித் தள்ளியே பாதிக் குழந்தைப்பருவத்தைத் தின்றுவிடுகிறார்கள், நீங்களும் இரண்டு மாதம் தாண்டிவிட்டீர்கள். நரம்பு இருக்கிறதா என்று எம்ஆர்ஐ, கூடவே ஜீன் பரிசோதனை, இரண்டையும் இந்த வாரமே கேளுங்கள். ரிப்போர்ட் வரும்வரை இம்ப்ளாண்ட் வரிசையிலிருந்து பெயரை எடுக்க வேண்டாம்.