5 மில்லிகிராம் பிரஷர் மாத்திரையில் மீதி எடை எல்லாம் என்ன? கம்பெனி மாறினால் மருந்தும் மாறுமா?

அப்பா ஒருமுறை இதில் ஏமாந்துபோனதால் பதில் எழுதத் தோன்றியது. ஆம்லோடிபின் 5 என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில், வேறு நிறத்தில் வந்தது. இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். கணுக்கால் வீங்கிய பிறகு டாக்டர் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அளவு கூடினால் அந்த மருந்துக்குக் கால்வீக்கமும் கூடும்.

ரத்த அழுத்தத்தைக் குறைப்பது அந்த 5 மில்லிகிராம் மட்டும்தான். அதைத் தனியாக எடுத்தால் ஒரு சிட்டிகைகூட வராது, கையாளவே முடியாது. அதனால் செல்லுலோஸ் போன்றவற்றைச் சேர்த்துப் பருமனாக்குகிறார்கள். சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட் வயிற்றில் நீரை உறிஞ்சி உப்பி மாத்திரையை உடைக்கும். மெக்னீசியம் ஸ்டியரேட் தூள் அச்சு இயந்திரத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நிறமும் மேல்பூச்சும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இவற்றைச் 'செயலற்றவை' என்று சொல்வதாலேயே அலட்சியமாக விடுகிறோம். டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்தைப் பாருங்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. கரைய வைக்கக் காரத்தன்மையுள்ள மெக்லூமின், சோடியம் ஹைட்ராக்சைடு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்த மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால்தான் விழுங்கும் நேரத்தில் மட்டும் அட்டையிலிருந்து பிரிக்கச் சொல்கிறார்கள். இது தெரியாமல் நான் ஒரு வாரத்துக்கானதைப் பிரித்து டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மெட்டோப்ரோலால் சக்சினேட் போன்ற நீண்ட நேர மாத்திரைகளில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் வேலையும் இந்தத் துணைப் பொருட்களுடையதே. விழுங்கக் கஷ்டம் என்று பொடித்தால் ஒரு நாள் மருந்து மொத்தமாக இறங்கி, பிரஷரும் நாடித்துடிப்பும் ஆபத்தாகக் குறையலாம். தயவுசெய்து பொடிக்காதீர்கள்.

சரி, மாற்றுக் கம்பெனி? மருந்தின் பெயர், அளவு, சாதாரணமா நீண்ட நேர வகையா என்ற மூன்றும் ஒத்துப்போனால் பெரும்பாலோருக்குப் பயமில்லை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ ஏதாவது நிறமியோ ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் உள்ளே இருக்கும் தாளில் துணைப் பொருட்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் சந்தேகம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருந்தாளுநரிடம் கேளுங்கள், வேறு தயாரிப்பு கிடைக்கும்.

இப்போது புது அட்டை வந்ததும் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் அப்பா முதலில் என்னிடம் படித்துக் காட்டுகிறார்.