சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ.யும் வேண்டுமா?

எடுத்துவிடுங்கள், ஆனால் சி.டி. படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வலிப்பு வந்த தம்பிக்குக் குடியாத்தத்தில் எடுத்த மூளை சி.டி.யில் ‘12 மி.மீ. வளையம், சுற்றிலும் வீக்கம்’ என்று வந்த பிறகு மறுபடியும் எதற்குச் செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வளையம் பெரும்பாலும் நாடாப்புழுக் கட்டியாக, அதாவது மூளையில் தங்கிய புழுவின் நீர்ப்பையாகத்தான் இருக்கும். அதைப் பார்ப்பதில் இரண்டும் காட்டுவது வேறு வேறு.

புழு செத்துச் சுண்ணாம்பேறிய பழைய புள்ளிகள் சி.டி.யில் பளிச்சென்று தெரியும், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அவை தப்பிவிடலாம். மூளையின் நீரறைகளிலும் மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் நீர்ப்பைகளைப் பிடிப்பது எம்.ஆர்.ஐ.தான். பைக்குள் ஓரமாக ஒரு சிறு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் அது புழுவின் தலை. அதைக் கண்டுவிட்டால் நாடாப்புழுதான், பிறகு சந்தேகமே இல்லை.

பன்றிக்கறி தொட்டதே இல்லை என்கிறீர்கள். இந்தக் கட்டிக்குக் கறி காரணமல்ல. வயிற்றில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து புழுவின் முட்டை, தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக யாருக்கும் வரும். வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

இன்றே அறிக்கையை எடுத்துப் பாருங்கள்:

1. கான்ட்ராஸ்ட் மருந்து (கட்டியைத் தெளிவாகக் காட்ட ஊசி வழி ஏற்றுவது) செலுத்தி எடுத்ததா?
2. கட்டி ஒன்றுதானா? மூளையின் நடுக்கோடு விலகியிருக்கிறதா?

நாடாப்புழுக் கட்டிதானா என்று அறிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் ராஜசேகர், சாண்டி இருவரும் வகுத்த அளவுகோலில் ஒற்றைக் கட்டி, 20 மி.மீ.க்குள், நடுக்கோடு விலகாமல் இருப்பது முக்கியம். அதைவிடப் பெரிதென்றால் காசநோய்க் கட்டியையும் யோசிப்பார்கள்.

புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். புழு சாகும்போது வீக்கம் கூடும். கண்ணிலும் புழு இருக்கிறதா என்று முன்னதாகச் சோதிக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.