மிட்டாயில் இல்லாத விஷம்

அன்புள்ள ஐயா,

என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேத்திக்கு ஆறு வயது. அக்டோபர் 31 அன்று, ஹாலோவீன் என்ற பேய்த் திருநாளில், சூனியக்காரி வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவதாக வீடியோ அழைப்பில் குதிக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் மிட்டாயில் விஷமும் பிளேடும் வைத்துவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. மகளிடம் சொன்னால், "ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கொடுப்பேன், பயப்படாதே" என்கிறாள். அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமே ஹாலோவீனுக்குப் புள்ளிவிவரம் வெளியிடுகிறதாமே, ஓர் அரசு அலுவலகத்துக்கு இது வேலையா? விஷத்துக்கும் அங்கே கணக்கு இருக்கிறதா? பேத்தியை அனுப்ப வேண்டாம் என்று சொல்லட்டுமா?

— ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: பேத்தி தாராளமாகப் போகட்டும். ஆனால் நீங்களும் உங்கள் மகளும் பயப்படும் இடம் ஒன்று, ஆபத்து இருக்கும் இடம் வேறொன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அரசு அலுவலகத்துக்கு இது வேலைதான் என்பேன். பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுத்த கணக்கு அலமாரியில் தூங்குவதைவிட, ஒரு திருநாளைச் சாக்கிட்டு மக்கள் அதைப் படிப்பது நல்லது. 2010 கணக்கெடுப்பை வைத்து அவர்கள் சொன்னது: மிட்டாய் கேட்டுப் போகக்கூடிய 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 4 கோடியே 10 லட்சம், அவர்கள் தட்டக்கூடிய, ஆள் குடியிருக்கும் வீடுகள் சுமார் 11 கோடியே 67 லட்சம். "போகக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாசலில் நின்று யாரும் எண்ணவில்லை. அந்த வயதில் எத்தனை பிள்ளைகள் உண்டோ அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பேய்க்கதை வாசம் வீசும் பெயர் கொண்ட ஊர்களுக்கும் அதே 2010 தலைக்கணக்கைத் தந்தார்கள். தலையில்லாக் குதிரைக்காரன் கதையால் புகழ்பெற்ற ஸ்லீப்பி ஹாலோவில் 9,870 பேர், அரிசோனாவில் கல்லறைக்கல் என்றே பெயர் கொண்ட டூம்ஸ்டோனில் 1,380 பேர்.

விஷத்துக்கு வருகிறேன். அதற்கு அரசுப் பதிவேடு கிடையாது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் தாமே கணக்கெடுக்க இறங்கினார். 1958 முதல் செய்தித்தாள்களில் வந்த இத்தகைய புகார்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, இன்றுவரை விடாமல் பார்த்துவருகிறார். முகம் தெரியாத ஒருவர் வாசலில் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ உறுதியான ஒரு நிகழ்வைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்த் தூள் தின்று இறந்தது உண்மை. கொடுத்தது அந்நியர் அல்ல, பெற்ற தகப்பன். பிள்ளையின் பேரில் எடுத்த காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தான். 1984இல் மரண தண்டனை நிறைவேறியது. நடுவில் 1982இல் சிகாகோ பகுதியில் கடையில் வாங்கிய தலைவலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்குச் சில வாரங்களே இருந்தபோது நடந்தது அது. மாத்திரைக்கு வந்த பயம் மிட்டாய்க்கும் தாவியது. பிள்ளைகளின் மிட்டாய்ப் பைகளுக்கு மருத்துவமனைகள் இலவசமாக எக்ஸ்ரே எடுத்துக்கொடுத்த காலமும் உண்டு.

இனி பதிவேடு பேசும் இடம். 1975 முதல் அமெரிக்காவில் பொதுச்சாலையில் உயிர்போன விபத்து ஒவ்வொன்றும் ஒரே தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தவர்களும் அதில் சேர்த்தி. கனடா ஆய்வாளர்கள் அதில் 42 ஆண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஹாலோவீன் அன்று மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை நடந்து சென்றவர்களில் எத்தனை பேர் வண்டி மோதி இறந்தார்கள் என்று எண்ணினார்கள். அதே கிழமையில் ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் வந்த மாலைகளையும் எண்ணினார்கள். கிழமை ஒன்று, பருவம் ஒன்று, மாறுவது பண்டிகை மட்டும். 42 ஹாலோவீன் மாலைகளில் 608 பேர். ஒப்பிட எடுத்த 84 சாதாரண மாலைகளில் 851 பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு மாலைக்குச் சுமார் பதினான்கரை, பத்து. ஆபத்து 43 சதவீதம் கூடுதல்.

இந்த எண்ணோடு நான் நின்றிருப்பேன். அடுத்த வரி என்னை நிற்க விடவில்லை. நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளில் 84 சாதாரண மாலைகளில் இறந்தவர்கள் 11 பேர். அதில் பாதி எண்ணிக்கையே உள்ள ஹாலோவீன் மாலைகளில் 55 பேர். பத்து மடங்கு. உங்கள் பேத்திக்கு ஆறு வயது என்று எழுதியிருந்தீர்களே, அதனால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன். அதே சமயம், கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு நடுவில், 42 ஆண்டுகளில், 55. தூக்கம் கெட வேண்டிய எண் இல்லை. கவனம் வைக்க வேண்டிய எண்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் கடைசியில் நானும் நியூஜெர்சியில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் கறுப்பு அங்கியும் முகமூடியுமாகக் கிளம்பினார்கள். முகமூடியின் கண் துவாரம் ஒரு ரூபாய்க் காசளவுகூட இல்லை. பக்கவாட்டில் எதுவும் தெரியாது. எதிர்வீட்டு விளக்கு எரிந்ததும் ஒரு சிறுமி, நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து குறுக்கே ஓடினாள். ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. அங்கி நுனியை மிதித்துத் தடுமாறியவள் எழுந்து ஓடியேவிட்டாள். வீடு திரும்பியதும் அவள் தாய் மிட்டாயை எல்லாம் மேசையில் கொட்டி, விளக்கை அருகில் இழுத்து, ஒவ்வொரு உறையின் ஓரத்தையும் நகத்தால் தடவிப் பார்த்தாள். அரைமணி நேரம். அவளுடைய அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அரைமணி நேரக் கவனம் தெருவில் கிடைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். முகமூடி வேண்டாம், முகத்தில் சாயம் பூசிவிடட்டும். அங்கியைக் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைக்கட்டும். தெருவின் ஒரு பக்க வீடுகளை முடித்துவிட்டு, முனைக்கு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒரே முறை கடக்கட்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் நாடா கடையில் மலிவாகக் கிடைக்கும்; அதை முதுகிலும் தொப்பியிலும் ஒட்டி, முந்தின இரவே காரின் முகப்பு விளக்குக்கு முன்னால் பேத்தியை நிற்கவைத்து, எத்தனை அடி தூரத்தில் தெரிகிறாள் என்று பார்த்துக்கொள்ளட்டும்.