குளத்தை விட்டு ஏறியாச்சு, அப்புறம்? கேள்வி பதில்

சிங்கப்பூரில் பத்து வயதிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் போட்டி நீச்சல், என்னுடையது மார்பு நீச்சல். தென்கிழக்காசியப் போட்டிக்கான தகுதி நேரத்தை அரை விநாடிக்கும் குறைவாகத் தவறவிட்டவள், அதனால் பதக்கக் கதை எதிர்பார்க்காதீர்கள். இப்போது நீச்சல் போட்டிகளை ஏற்பாடு செய்து நடத்துவதுதான் பிழைப்பு. கேள்வி கேளுங்கள் என்றேன், குவித்துவிட்டீர்கள்.

ஈசூன் அம்மா: மகள் தொடக்கநிலை 4. கோச் வாரத்துக்கு ஐந்து நாள் காலையில் வரச் சொல்கிறார். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வேற வருது. என்ன செய்ய?

மூன்று நாள் போதும் அக்கா. கோச் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இந்த வயதில் ஸ்ட்ரோக், அதாவது கை கால் வீசும் முறை, சரியாக அமைவதுதான் காரியம், தூரம் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். என்னோடு நீந்தி, பத்து வயதில் எல்லாரையும் முந்திப் போன பிள்ளைகளில் பலர் பதினைந்தில் குளத்துப் பக்கமே வரவில்லை, சலித்துப்போச்சு அவ்வளவுதான். காலையில் அவளாக எழுந்திருக்கிறாளா, நீங்கள் இழுத்து உட்காரவைக்கிறீர்களா, அதைப் பாருங்கள். உட்லண்ட்ஸில் 2004இல் திறந்த சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி உயர்நிலை 1இலிருந்துதான் சேர்க்கிறது, அவசரமே இல்லை.

அதே அம்மா: மாமியார் "கறுத்துப்போயிடுவா, முடி போயிடும்" என்கிறார்.

என் பாட்டியும் இதையேதான் சொன்னார். கறுக்கத்தான் செய்யும், நான் கறுத்தேன், கல்யாணமும் ஆச்சு. முடிக்கு மட்டும், தொப்பி போடுமுன் ஷவரில் நல்லா நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது.

பிடோக் தம்பி: தேசிய சேவையை (கட்டாய ராணுவச் சேவை) நீச்சலுக்காகத் தள்ளிப்போட முடியுமா?

ஒலிம்பிக் அளவில் பதக்க வாய்ப்பு உள்ளவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். நம் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013இல் ஒத்திவைப்பு கிடைத்தது, 2016 ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியில் 50.39 விநாடியில் தங்கம். அவருக்குப் பின்னால் 51.14இல் மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செக் மூவருக்கும் ஒரே நேரம், மூவருக்கும் வெள்ளி. அப்படிப்பட்டவரே 2022இல் சேவைக்குப் போனார், 2024இல் ஓய்வு அறிவித்தபோது வயது 28தான். தம்பி உன் நேரம் என்ன என்று சொல்லவே இல்லையே?

செங்காங் அப்பா: பதக்கம் வாங்கினால் வாழ்க்கைக்குப் போதுமான காசு வருமா?

ஸ்கூலிங்குக்குப் பரிசு ஒரு மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அதில் 20 விழுக்காடு நீச்சல் சங்கத்துக்குப் பயிற்சிக்காகப் போகும். அப்படி ஒலிம்பிக் தங்கம் வென்றவர் இந்த நாட்டில் இதுவரை ஒருவர்தான், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆங் பெங் சியோங் 1982இல் 50 மீட்டரை 22.69இல் நீந்தி அந்த வருடம் உலகத்திலேயே வேகமானவர், பிறகு கோச் ஆனார். ஜோஸ்லின் இயோ தென்கிழக்காசியப் போட்டிகளில் 40 தங்கம், பிறகு நியமன எம்பி (தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நாடாளுமன்ற உறுப்பினர்). சிட்னி, ஏதென்ஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் நீந்திய மார்க் சேய் விளையாட்டு நிர்வாகத்துக்குப் போனார், அவரும் நியமன எம்பியாக இருந்தார். யாரும் பதக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை.

கவி: விளையாட்டு மேலாண்மை என்றால் உண்மையில் என்ன வேலை அக்கா?

பாதி நாள் எக்செல். தொண்டூழியர்களின் டீ-ஷர்ட் அளவு, ஹலால் சாப்பாடு எத்தனை பொட்டலம், பஸ் எங்கே நிற்கும். திறந்தவெளிக் குளமாக இருந்தால் மின்னல் எச்சரிக்கை வந்ததும் எல்லாரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டு அடுத்த ஹீட்டுகளை (தகுதிச் சுற்றுகளை) எல்லாம் தள்ளிப்போட வேண்டும், அதற்குள் பத்து அப்பாக்கள் வாட்ஸ்அப்பில் "எப்போது தொடங்கும்" என்பார்கள்.

ஒரு பள்ளிப் போட்டியில் நான்காம் லேனில் ஒரு பெண் சுவரைத் தொட்டாள், டச்பேட் (தொட்டதும் நேரம் பதியும் சுவர்ப் பலகை) பதியவில்லை. பலகையில் அவள் நேரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் ஏறாமல் தண்ணீரிலேயே நின்று அதையே பார்க்கிறாள். இதற்காகத்தான் லேனுக்கு மூன்று பேர் நேரத்தை நிறுத்தும் பொத்தானோடு நிற்கிறார்கள், மூன்று நேரமும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுப்போம். நடுவர் முடிவு சொல்ல நான்கு நிமிடம் ஆச்சு. அந்த நான்கு நிமிடமும் நான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எப்படி எண்ணுகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் அதைச் சொல்லித்தரவில்லை, ஒருநாள் நானும் அப்படி நின்றிருக்கிறேன், அதனால் தெரியும்.

கவி: அப்போ படிப்பு வேண்டாமா?

வேணும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் மேலாண்மையும் சேர்ந்த பட்டம் இருக்கிறது, ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் டிப்ளோமா உண்டு. ஆனால் முதலில் ஒரு போட்டிக்குத் தொண்டூழியராகப் போய் நாள் முழுக்க நின்று பார். கால் வலித்தும் மறுநாள் வரத் தோன்றினால் விண்ணப்பி.

பெயர் போடாதவர்: இன்னும் நீந்துறீங்களா?

ஞாயிறு காலை, வீட்டுப் பக்கத்துப் பொதுக்குளத்தில். எழுபது வயதுத் தாத்தா ஒருவர் தினமும் வருவாராம், என்னைச் சுலபமாக முந்திப் போகிறார். கடிகாரத்தை மட்டும் பார்ப்பதே இல்லை. சரி, பொய். பார்ப்பேன்.