ரோஸ் கலர் வந்தால் போதுமா?

கேள்வி: ஒன்டாரியோ ஏரியில் ஓட்டப் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே யன்மார் 1ஜிஎம்10 டீசல் இன்ஜின். அக்டோபரில் கரையேற்றியதும் குளிர்காலத்துக்காக இன்ஜினை ரோஸ் ஆன்டிஃப்ரீஸை (எளிதில் உறையாத திரவம்) உறிஞ்சவிட்டு, புகைக்குழாயில் அந்தக் கலர் வந்ததும் நிறுத்தினால் போதும் என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். சரியா? காருக்கு வாங்கிய கூலன்ட் மிச்சமிருக்கிறது, அதையே ஊற்றலாமா?
- வாசகர், ஸ்கார்பரோ

பதில்: அவர் படகுக்கு அது சரியாக இருக்கலாம், உங்களுடையதற்குப் போதாது. 2ஜிஎம்20எஃப் போன்ற இன்ஜினில் பிளாக்குக்குள் (இன்ஜினின் இரும்பு உடல்) தனி கூலன்ட் சுற்றுகிறது, ஏரித் தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக வெளியே போய்விடும். உங்கள் 1ஜிஎம்10-இல் ஏரித் தண்ணீரே நேராக பிளாக்குக்குள் ஓடுகிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானால் திறக்கும் வால்வு) மூடியிருக்கும், நீங்கள் ஊற்றுவதில் பெரும்பகுதி பைபாஸ் என்ற சுற்றுவழியே புகைக்குழாய்க்குப் போய்விடும், வெளியே ரோஸ் கலர் அழகாக வரும், உள்ளே பழைய தண்ணீர் அப்படியே கிடக்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது. சூடாக்கிவிட்டு ஊற்றலாமே என்றால், பக்கெட்டிலிருந்து குளிர்ந்த திரவம் போனதும் தெர்மோஸ்டாட் மறுபடி மூடிக்கொள்ளப் பார்க்கும். அதனால் முதலில் இன்ஜினைச் சூடாக ஓட்டி ஆயிலை மாற்றிவிடுங்கள், பிறகு பிளாக்கில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். துரு அடைத்துக்கொண்டிருந்தால் சொட்டுக்கூட வராது, 'காலியாகிவிட்டது' என்று நினைத்து ஏமாறாதீர்கள், ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். அப்புறம் திருகை மூடி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அதன் மூடியைத் திரும்பப் போட்டு, தண்ணீர் இழுக்கும் ஹோஸைப் பக்கெட்டில் விட்டு, பத்துப் பதினைந்து லிட்டர் ரோஸ் ஆன்டிஃப்ரீஸைக் குடிக்கவிடுங்கள்.

தண்ணீர் கலக்கவே கூடாது. லேபிளில் இருக்கும் மைனஸ் 50 பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 45 செல்சியஸ், குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவு. கலக்காத திரவமே மைனஸ் 12 செல்சியஸ் வாக்கில் கூழாகத் தொடங்கிவிடும், உள்ளே மிஞ்சிய தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் பலவீனம்தான்.

கார் கூலன்ட் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். விஷம், ஆனால் இனிக்கும், தரையில் சிந்தினால் நாய் நக்கிவிடும். வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டில் மொத்தமும் ஏரிக்குத்தான் போகும். கலரைப் பார்த்து வாங்காதீர்கள், கார் கூலன்ட்டும் ரோஸ் கலரில் வருகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கடைசியாக, டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள், காலியாக விட்டால் உள்ளே ஈரம் படியும். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கழற்றி இன்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மே மாதம் அவசரத்தில் அது இல்லாமலே ஸ்டார்ட் செய்துவிடுவீர்கள்.