மாணவத் தலைவர்களிடம் எதிர்பார்ப்பது என்ன? கேள்வி பதில்

கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் அடுத்த ஆண்டு பொறுப்பெடுக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 18 வருஷமாக மாணவர் ஊழியத்தில் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். உபதேசச் சந்தேகங்களை உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

அக்கா, எனக்கு மேடையில் பேச வராது, பாடவும் வராது. என்னைச் செயலாளராகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். நான் தகுதியா?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். விதவைகளுக்கான அன்றாடப் பந்தி விசாரிப்பில் குறை வந்தது, முறுமுறுப்பு எழுந்தது. அதைக் கவனிக்க ஏழு பேரைத் தேடினார்கள். நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பேச்சுத் திறமையை யாரும் கேட்கவில்லை.

நான் ஒரு செயலாளரிடம் எதிர்பார்ப்பது இதுதான். கூடுகைக்கு அரை மணி நேரம் முன்னால் வந்து அறையைத் திறந்து வைக்க வேண்டும். போன வாரம் வந்து இந்த வாரம் வராதவர் யார் என்று கவனித்து, அன்று இரவே ஒரு போன் பண்ண வேண்டும். அந்தப் போனில் கேட்டதை மறுநாள் "ஜெபக் குறிப்பு" என்று குழுவில் போடாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு வருஷம் விடாமல் செய்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பொருளாளர் பொறுப்பு. காணிக்கை சிறிய தொகைதான். கணக்கு எழுத வேண்டுமா?

வேண்டும். காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எருசலேமுக்குப் போன தர்மப்பணத்தைப் பவுலே தனியாகக் கையாளவில்லை. தீத்துவையும் வேறு சகோதரரையும் கூட வைத்துக்கொண்டார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காக. 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. அப்போஸ்தலனுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது, தம்பி.

ஒருவர் இரட்சிக்கப்பட்டு மூன்று மாதம்தான். மிக நன்றாகப் பாடுகிறார். தலைவராக்கலாமா?

வேண்டாம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக வைக்கக் கூடாது என்கிறது 1 தீமோத்தேயு 3:6. பாடட்டும், வேதபாடத்தில் உட்காரட்டும், ஒரு வருஷம் போகட்டும். பாட்டை நம்பி ஆளை மேடையேற்றி, அந்த ஆள் உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மூன்று பாடத்தில் அரியர். ஊழியத்துக்காக அலைந்ததுதான் காரணம். வீட்டில் பொறுப்பை விடச் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அழைப்பு இருக்கிறதே?

ஒரு செமஸ்டர் பொறுப்பை இறக்கி வையுங்கள். கூடுகைக்கு வாருங்கள், ஜெபியுங்கள், படியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் நான் ஐக்கியத் தலைவி. வாரத்தில் நாலு நாள் கூட்டம், விசிட்டிங், உபவாச ஜெபம். லேப் ரெக்கார்டு எழுத நேரமில்லை என்று பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் வாங்கி அப்படியே பார்த்து எழுதுவேன். வருஷக் கடைசியில் அவளை ஒரு சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்தேன். ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ சொல்ற இயேசு நல்லவர்னு நம்புறேன். ஆனா உன் ரெக்கார்டுல இருக்கிற கிராஃப் எல்லாம் நான் போட்டது." அதற்குப் பிறகு அவளிடம் என்னால் எதுவும் பேச முடியவில்லை. ஒரு வருஷம் நான் சொன்ன சாட்சி முழுவதும் அந்த நோட்டில் அழிந்துபோனது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

(இன்னொருவர்) அக்கா சொல்வது விசுவாசக் குறைவாகத் தெரிகிறது. 1806-இல் இடிமழையில் வைக்கோல் போர் அடியில் ஜெபித்த ஐந்து மாணவர்கள் மார்க்கைப் பார்த்திருந்தால் அமெரிக்க மிஷனெரி இயக்கம் பிறந்திருக்குமா?

நல்ல உதாரணம்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஐவரில் முன்னின்ற சாமுவேல் மில்ஸ், வில்லியம்ஸ் கல்லூரியில் 1809-இல் பட்டம் பெற்றார். பிறகு ஆண்டோவர் இறையியல் கல்லூரிக்குப் போனார். 1810-இல் அமெரிக்க மிஷனெரி சங்கம் உருவானது. 1812-இல் முதல் மிஷனெரிகள் கப்பலேறினார்கள். ஜெபித்தவர் படிப்பை விடவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 1729 வாக்கில் சார்லஸ் வெஸ்லியும் நண்பர்களும் கூடியபோது அவர்களுக்கு "மெத்தடிஸ்ட்" என்ற பட்டப்பெயர் வந்தது. பல்கலைக்கழகம் விதித்த படிப்பு முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் வந்த பெயர் என்று சார்லஸே சொல்லியிருக்கிறார். தானியேலையும் அவருடைய மூன்று நண்பர்களையும் பாருங்கள். ராஜா சோதித்தபோது மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராக அந்த நால்வரும் இருந்தார்கள்.

(மற்றொருவர்) அப்படியானால் அரியர் வைத்தவர்கள் யாருமே தலைவராகக் கூடாதா? நான் எவ்வளவு முயன்றும் கணக்கில் தேறுவதில்லை. முதல் மார்க் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் ஊழியமா?

நியாயமான கேள்வி. மேலே நான் சொன்னது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள், தங்கை. முயன்று தோற்கிறவர் வேறு, ஊழியத்தைக் காரணம் காட்டிப் புத்தகத்தைத் தொடாதவர் வேறு. நான் மார்க்கைக் கேட்கவில்லை. உங்கள் விரிவுரையாளரும் பக்கத்து பெஞ்சும் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்கிறேன். "பாவம், உழைக்கிறாள்" என்று சொன்னால் தாராளமாகப் பொறுப்பில் இருங்கள். கணக்குச் சொல்லித் தர ஐக்கியத்திலேயே ஒருவரை ஏற்பாடு செய்வதும் ஊழியம்தான், தலைவர்கள் அதைக் கவனியுங்கள்.

(முதலில் மறுத்தவர்) கடைசியாக ஒன்று. தேவனா, டிகிரியா?

அந்த வகுப்பறையில் உங்களைக் கொண்டுபோய் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்த விஷயத்தில் இதற்கு மேல் எழுதமாட்டேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அக்கா, நான் தலைவராகத் தகுதியா? எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் பதிலைப் படியுங்கள்.

ஜெபக் குறிப்புக்கு வாட்ஸ்அப் குழு வைக்கலாமா?

வைக்கலாம். ஒருவரைப் பற்றிய குறிப்பை அவரிடம் கேட்காமல் போடக் கூடாது. "பெயர் சொல்லவில்லை, மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டல், அப்பாவுக்குக் குடிப்பழக்கம்" என்று போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜெபம் என்ற பெயரில் நடக்கிற புறங்கூறுதல்தான் நான் பார்த்த ஐக்கியங்களை அதிகம் உடைத்திருக்கிறது.

ஒரு ஜூனியர் உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிறான். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிவிட்டான். ரகசியம் காக்கச் சொல்கிறீர்களே?

இதைக் காக்கக் கூடாது. இன்றைக்கே சொல்லுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். அவனைத் தனியாக விடாதீர்கள், ஒருவர் கூடவே இருங்கள். கல்லூரி மனநல ஆலோசகர், நம்பகமான ஆசிரியர், அவன் வீட்டார், இவர்களில் கிடைக்கிற பெரியவரிடம் உடனே போங்கள். ஆபத்து நெருங்கியதாகத் தெரிந்தால் நேரே மருத்துவமனைக்கு. "என் மேல உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்ல, நீ இருக்கணும்" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போங்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மாணவத் தலைவர் வைத்தியர் அல்ல. இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்கச் சொல்லி யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

தலைவர் காதலிக்கலாமா?

உங்கள் வேதபாடக் குழுவில் இருக்கிற ஜூனியரை வேண்டாம். அவருக்கு "இல்லை" என்று சொல்வது கஷ்டம். மற்றபடி, உங்கள் ஐக்கிய ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூடுகையே எனக்குச் சபை. ஞாயிறு போக வேண்டுமா?

போக வேண்டும். உங்களோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உங்கள் வயசு. முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிற இடம் உங்களுக்கு வேண்டும்.

நான் தகுதியா அக்கா? ஆறு மாதமாக அமைதி வேளை (தனியாக வேதம் வாசித்து ஜெபிக்கிற நேரம்) ஒழுங்கில்லை.

இதே கேள்வி மூன்றாம் முறை. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். நாளைக் காலை பத்து நிமிஷம், ஒரு சங்கீதம். நடந்ததா என்று கேட்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பைப் பற்றி ஒரு மாதம் கழித்துப் பேசலாம்.

என் பொறுப்பு இந்த மாதம் முடிகிறது. எப்படிக் கையளிப்பது?

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம்: பெயர், எந்த ஆண்டு, எந்தக் குழு, எந்தப் பொறுப்பை விரும்பிச் செய்வார். அந்தரங்கமாகச் சொன்ன எதையும் அதில் எழுதாதீர்கள். பின்பக்கத்தில் கணக்கு, அறைக்கு அனுமதி வாங்க யாரிடம் போக வேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது. புதிய தலைவரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஜெபியுங்கள். சாவியைக் கொடுங்கள். அடுத்த கூடுகையில் கடைசி வரிசையில் உட்காருங்கள்.