சோழகத்தில் விருந்தாளி

வணக்கம். நெடுந்தீவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கல்வேலிகள், குதிரைகள், சுற்றிலும் கடல் என்று அந்த அமைதியான வாழ்க்கை பொறாமையாக இருக்கிறது. ஆனால் புயல் வந்தால் அங்குள்ளவர்கள் என்ன செய்வார்கள்? தனிமையாக இருக்காதா? ஜூலையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வருகிறோம். நெடுந்தீவும் போய் வரலாமா?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

ஜூலையில் வருகிறீர்கள் என்றால் முதலில் அமைதியை மறந்துவிடுங்கள். வைகாசியில் தொடங்கும் சோழகம் புரட்டாசி வரை லேசில் ஓயாது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றை மறைப்பு ஏதுமில்லாமல் நேராக வாங்குகிற இடத்தில் நெடுந்தீவு கிடக்கிறது. ஆழம் குறைந்த கடல். அலை மலைபோல எழாது, குட்டை குட்டையாக, நெருக்கமாக வந்து படகை இடிக்கும்.

புயலைப் பற்றிக் கேட்டீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது, 2008 நிஷா, 2020 புரெவி என்று அது எப்போதாவது வருவது. அதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும், பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கலாம், நிவாரணம்கூடக் கிடைக்கும். சோழகத்துக்கு யார் நிவாரணம் தருவார்கள்? இன்றைக்குப் படகு ஓடுமா என்ற கேள்வியோடு மாதக்கணக்கில் எழும்ப வேண்டும்.

நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காலை நின்று பாருங்கள். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, முட்டைத் தட்டு, கதவு நிலை, மோட்டார் சைக்கிள் எல்லாம் படகுக்குள் இறங்கும். முட்டைக்காரர் தட்டை முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் வைத்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விடுவார். மடியில் வாங்கியவர் ஒரு மணி நேரமும் அதைப் பிடித்தபடியே இருப்பார். உப்புத்தண்ணீர் முகத்தில் அடித்தாலும் துடைக்கக் கை இருக்காது. தறப்பாளை இழுத்துப் பிடிப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. யார் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார், யாருடைய மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது என்பதெல்லாம் இறங்குவதற்குள் தெரிந்துவிடும். தனிமையா என்கிறீர்கள். கொஞ்சம் தனிமை கிடைக்காதா என்று ஏங்குகிற இளம்பெண்களை எனக்குத் தெரியும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற கணக்கும் அங்கே செல்லாது. கலியாணத்துக்கு வந்த கூட்டம் காற்றுக் கூடிப் படகு நின்றால் அப்படியே நிற்கும். மாப்பிள்ளை பகுதி, பெண் பகுதி என்ற மிடுக்கெல்லாம் இரண்டாம் நாளே கரைந்து, சம்பந்திமார் ஒரே திண்ணையில் பாய் விரித்துப் படுப்பார்கள். மீன் குறையும்போது கருவாடு. சீனி முடிந்தால் பனங்கட்டி.

நீங்கள் ரசித்த கல்வேலியும் காற்றோடு சம்பந்தப்பட்டதுதான். சீமெந்து இல்லாமல் கடற்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். காற்று இடுக்குகளால் பிரிந்து, வேகம் குறைந்து உள்ளே வரும். மதில் கட்டி முழுதாக மறித்தால் மேலால் ஏறி உள்ளே விழுந்து சுழலும். சோழகத்தின் கடைசியில் பனம்பழம் விழும். விடியக் கடகத்தோடு போகிறவர்கள் வீட்டில் பனாட்டு, அதாவது பாயில் பரப்பிய பனம்பழக் களி, காயும்.

இதையெல்லாம் கேட்டு எவ்வளவு ஒற்றுமை என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பிள்ளை பிறக்க நாள் கிட்டும் முன்பே பெண்கள் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்க வேண்டியிருக்கிறது. அப்படியொரு வீடு இல்லாதவள் என்ன செய்வாள்? அக்கம்பக்கம் நல்லது என்பதற்காக நல்ல படகும் போதிய வைத்தியரும் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் குமுதினிப் படகில் புறப்பட்டவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும்தான். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் நெடுந்தீவின் மாவிலித்துறையில் விளக்கேற்றுகிறார்கள். அதே குமுதினி பிறகும் ஓடியது. அதிலேயே சனம் ஏறியது. வேறு வழி?

சரி, ஜூலைக்கு வருவோம். கடல் படுத்திருப்பதைப் பார்க்க ஆசையென்றால் மாசி, பங்குனிதான் நல்லது. ஜூலையை மாற்ற முடியாதென்றால் நெடுந்தீவுக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். யாழ்ப்பாணத்தில் 776 பஸ்ஸில் ஏறும்போதே படகு ஓடுகிறதா என்று கண்டக்டரைக் கேளுங்கள். துறைவரை போய் ஏமாந்த சனத்தைத் திருப்பி ஏற்றி வருகிறவர் அவர், அவருக்குத் தெரியும். போனை நல்ல பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளுங்கள். குடையை ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள்.